சப்போர்ட்டுக்குப் போன் போடும் முன்

அன்புள்ள மருமகனே,

 

“அத்தே, ஆடியோ இன்டர்ஃபேஸ் போச்சு. ரெக்கார்டிங்ல ஒரே கரகரப்பு. சப்போர்ட் நம்பர் இருந்தா அனுப்புங்க” என்று கேட்டிருந்தாய். நம்பருக்கு அவசரமில்லை, அது பெட்டியோடு வந்த காகிதத்தில் இருக்கும். எனக்கு எழுதிய இதே வரிகளை அப்படியே அவர்களிடம் சொன்னாயானால், பதிலுக்கு ஏழெட்டுக் கேள்வி வரும். ஒவ்வொன்றுக்கும் நீ விடை தேடி எழுத, அதைப் படித்துவிட்டு அவர்கள் அடுத்ததைக் கேட்க, வாரம் ஓடிவிடும். சப்போர்ட் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சப்போர்ட்டில் இருப்பவருக்கு உன் அறை தெரியாது. உன் மேஜைமேல் எந்த ஒயர் எதில் சொருகியிருக்கிறது என்று தெரியாது. உன் காதில் விழும் சத்தம் அவர் காதில் விழாது. அவருக்குக் கிடைப்பதெல்லாம் நீ சொல்வதுதான். அதில் நீ கண்டதும் கேட்டதும் இருந்தால் அவரால் வேலை பார்க்க முடியும். நீ கட்டிய முடிவு மட்டும் இருந்தால் முடியாது. “இன்டர்ஃபேஸ் போச்சு” என்பது உன் ஊகம். “ரெக்கார்ட் பண்ணும்போது சில நொடிக்கு ஒருமுறை டப்பென்று ஒரு வெட்டு விழுகிறது, பாடும்போதே ஹெட்போனில் நேரடியாகக் கேட்டால் வெட்டு இல்லை” என்பது நடந்த சங்கதி. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் அனுபவமுள்ள ஆள், மைக்கையும் மைக் ஒயரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி பழுதாக இருக்கும் வாய்ப்பும் பாதியாகக் குறையும். ஒரே வாக்கியத்தில் இவ்வளவு வேலை நடக்கிறது.

புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழைகளை எப்படித் தெரிவிப்பது என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். கணினி வேலைக்கு வருபவர்களுக்கு இன்றைக்கும் படிக்கக் கொடுப்பார்கள். அதன் சாரமும் இதுதான்: அறிகுறியைச் சொல், நோயின் பெயரை நீயே சூட்டாதே, எதிரில் இருப்பவரும் அதே தவறைத் தன் கண்ணால் பார்க்க வழி செய்துகொடு.

சரி, உன் கரகரப்புக்கு வருவோம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் ஆடியோவில் வரும் இரைச்சல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. எது உன்னுடையது என்று காதைத் தீட்டிக் கேள்.

விட்டுவிடாமல் ‘உம்ம்ம்’ என்று அடியில் ஓடும் தாழ்ந்த ரீங்காரம் என்றால், மின்சாரத்தின் வேலையாக இருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ரீங்காரமும் 50-இலோ 100-இலோ உட்கார்ந்திருக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பார். நின்றுவிட்டால் கோளாறு சார்ஜர் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கேட்கிறதா, ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மாறுகிறதா என்பதையும் கவனி. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் சவுண்டு கார்டையே மாற்றித் தரச் சொல்லி என்னிடம் நெடுநேரம் வாதாடினார். பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். சத்தம் நின்றது. அவர் வீட்டு பிளக் பாயின்டில் எர்த் இணைப்பே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது எலக்ட்ரீஷியன்.

‘இஸ்ஸ்’ என்று மழை தூறுவதுபோல் மெல்லிய சத்தம் என்றால், கெயின் குமிழை ரொம்பத் திருப்பியிருக்கிறாய் என்று பொருள். வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி டைனமிக் மைக்கை வைத்துவிட்டு, சத்தம் போதவில்லை என்று கெயினைக் கடைசிவரை ஏற்றினால் இது வந்தே தீரும். ‘டட்-டட்-டட்’ என்று விட்டுவிட்டு வந்தால், மைக் ஒயர் பக்கத்தில் கிடக்கும் செல்போனைத் தூர வை. உரக்கப் பாடும் இடத்தில் மட்டும் குரல் கிழிந்து கேட்டால், அந்த நேரம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா பார். எரிந்தால் சிக்னல் அளவு மீறியிருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியில் கோளாறு இல்லை.

பதிவு செய்தது மெதுவாகவும் கட்டைக் குரலிலும் ஒலித்தால் சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை துண்டாகப் பதிகிறோம் என்ற கணக்கு, முரண்படுகிறது. 48,000 ஹெர்ட்ஸில் பதிந்ததை 44,100 என்று நினைத்துக்கொண்டு ஓட்டினால் வேகம் எட்டு சதவீதம் குறையும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். உனக்குப் பாட்டுக் காது உண்டு, உடனே பிடித்துவிடுவாய்.

சத்தமே இல்லை என்றால் அது தனிக் கதை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பட்டன் போட்டிருக்கிறாயா, வின்டோஸ் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோனுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார். ஆப்பிள் கணினியானால் 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவே பதிப்பிலிருந்து ஒவ்வொரு மென்பொருளும் மைக்குக்கு அனுமதி கேட்கிறது. அவசரத்தில் யாராவது ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டால் அதன்பிறகு மௌனம்தான். செல்போன் ஹெட்செட்டின் பின்னைப் பார்த்திருக்கிறாயா? மூன்று கறுப்பு வளையம் இருக்கும். அதை, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை உள்ள டெஸ்க்டாப்பில் சொருகினால் மைக் வேலை செய்யாது. அதற்குக் கடையில் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் கிடைக்கும்.

மிச்சமிருப்பது உன்னுடையது என்று நான் நினைக்கும் சத்தம்: ‘டிக்’, ‘டப்’ என்று ஒழுங்கில்லாமல் விழும் வெட்டு. இதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். சப்போர்ட்டில் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். இன்டர்ஃபேஸ் உன் குரலை நொடிக்கு 48,000 சாம்பிள்களாக நறுக்குகிறது. கணினி அவற்றை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை, கட்டுக்கட்டாக வாங்குகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர் சைஸ். 64 என்று வைத்தால் நொடிக்கு 750 தடவை கணினி வந்து கட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் 1.3 மில்லி நொடிதான் அவகாசம். 256 என்று வைத்தால் 5.3 மில்லி நொடி கிடைக்கும். கணினி வேறு வேலையில் மாட்டிக்கொண்டு ஒரேயொரு தடவை தாமதித்தாலும் டப். வைஃபை டிரைவர் கூடத் தாமதம் செய்யலாம். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் பவர் அமைப்பும் செய்யலாம். ஆகவே பஃபரை 512-க்கு ஏற்றிப் பார், வைஃபையை அணைத்துப் பார். வெட்டு குறைந்தாலும் குறையாவிட்டாலும் அது சொல்லவேண்டிய தகவல். லேட்டன்சிமான் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ரெக்கார்டிங் நடக்கும்போது கொஞ்ச நேரம் ஓடவிட்டால், எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று பெயரோடு காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்.

அடுத்து, கோளாறு வழியில் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடி. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் உன் அப்பா என்ன செய்வார்? மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்திருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். எடுத்த எடுப்பில் குழாயை உடைக்க மாட்டார். ஒலிக்கும் அதே வரிசைதான். மைக், மைக் ஒயர், இன்டர்ஃபேஸ், யுஎஸ்பி ஒயர், டிரைவர், வின்டோஸ், ரெக்கார்டிங் மென்பொருள். திரும்பி வரும் வழியில் மறுபடியும் இன்டர்ஃபேஸ், ஹெட்போன்.

பாடும்போது இன்டர்ஃபேஸில் பச்சை விளக்கு எரிகிறதா? எரிந்தால் மைக்கிலிருந்து பெட்டிவரை சிக்னல் வந்துவிட்டது. அடுத்து, டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டு ஹெட்போனில் கேள். அந்த ஒலி கணினிக்குள் போகாமல் பெட்டியிலிருந்தே காதுக்கு வருவது. அதில் இரைச்சல் இருந்தால் கோளாறு மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில். டிரைவரைக் கழற்றி மாட்டிப் புண்ணியமில்லை. அதில் சுத்தமாக இருந்து ரெக்கார்டிங்கில் மட்டும் வெட்டு விழுந்தால் யுஎஸ்பி ஒயரிலிருந்து அந்தப் பக்கம். அடுத்ததாக வின்டோஸ் சவுண்டு அமைப்பில் இன்புட் பட்டை அசைகிறதா, அதன்பின் மென்பொருளின் மீட்டர் அசைகிறதா பார். நாலே சோதனை. அரை மணி நேரத்தில் முடியும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பதற்றத்தில் எல்லோரும் ஒயரை மாற்றி, போர்ட்டை மாற்றி, டிரைவரைப் புதிதாய்ப் போட்டு, மென்பொருளையும் அப்டேட் பண்ணிவிட்டு, “இப்ப சரியாச்சு, ஆனா எதனாலன்னு தெரியல” என்பார்கள். மறுவாரம் அதே கோளாறு திரும்பி வரும். யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு நேராகக் கணினியில் சொருகிப் பார். யுஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். மைக்குக்கு 48 வோல்ட்டும் கொடுத்துக்கொண்டு, அதே ஹப்பில் கீபோர்டும் பென்டிரைவும் மாட்டியிருந்தால் பெட்டிக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் போகலாம். அதன்பின் வேறு யுஎஸ்பி ஒயர், அதன்பின் வேறு போர்ட். முடிந்தால் நண்பன் கணினியிலும் மாட்டிப் பார். எல்லாவற்றிலும் கனமான சாட்சியம் இந்தக் கடைசிச் சோதனைதான். இரண்டு கணினியிலும் அதே வெட்டு வந்தால் பெட்டி மேல் பழி விழும், மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உனக்கு வலு வரும். அங்கே சுத்தமாக ஓடினால் உன் கணினியைத்தான் பார்க்க வேண்டும். எதை மாற்றினாய், என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றையும் அப்போதே எழுது. ஞாபகத்தை நம்பாதே.

இனி விவரங்கள். ஒரு தாளை எடுத்துக்கொள். முதல் வரியில் மாடலின் முழுப் பெயர். மேலே அச்சிட்டிருப்பது போதாது. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற சிவப்புப் பெட்டியையே எடுத்துக்கொள். 2011-லிருந்து 2023-க்குள் அதே பெயரில் நான்கு தலைமுறை வந்துவிட்டது. தலைமுறை எதுவென்று சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் எந்த டிரைவரைப் பற்றிப் பேசுவார்? அடியிலிருக்கும் சீரியல் நம்பரை எழுதும்போது சைபருக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் குழப்பம் வரும், அதனால் போட்டோவும் எடு.

அடுத்த வரி ஆபரேட்டிங் சிஸ்டம். “வின்டோஸ்” என்று மட்டும் எழுதினால் போதாது. வின்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பு எண் முழுவதும் வரும். இதை அவர்கள் சும்மா கேட்பதில்லை. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 வகைக் கருவிகளுக்குத் தேவையான டிரைவர் வின்டோஸுக்குள்ளேயே வந்தது 2017-இல், வின்டோஸ் 10-இன் 1703 பதிப்பில்தான். அதற்கு முந்தைய பதிப்பென்றால் கம்பெனி டிரைவரைப் போட்டே ஆக வேண்டும். வின்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நீ இன்னும் அதில் இருந்தால் மறைக்காமல் சொல். ஆப்பிள் என்றால் மேக்ஓஎஸ் பதிப்போடு, இன்டெல் சிப்பா ஆப்பிள் சிப்பா என்பதையும் எழுத வேண்டும். 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியபின் பழைய டிரைவர்கள் சில அப்படியே ஓடுவதில்லை.

அதற்கடுத்து டிரைவரின் பதிப்பு எண், பெட்டியின் ஃபர்ம்வேர் எண், ரெக்கார்டிங் மென்பொருளின் பெயரும் பதிப்பும், சாம்பிள் ரேட், பஃபர் சைஸ். மென்பொருளில் ஆடியோ டிரைவர் என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று கட்டாயம் பார். ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இல் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ என்ற முறைதான் வின்டோஸில் ரெக்கார்டிங்குக்கு ராஜபாட்டை. உன் பெட்டிக்கென்று கம்பெனி தந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்க, யாரோ சொன்னார்களென்று ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரையும் போட்டு அதையே தேர்ந்தெடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். எந்தப் பெயர் திரையில் இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் எழுது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து உன் கருவியின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா பார். இருந்தால் இரட்டைக் கிளிக் செய், உள்ளே ஒரு கோட் எண் இருக்கும். கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. கோட் 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. கோட் 43 என்றால் கருவி ஏதோ கோளாறென்று தெரிவித்ததால் வின்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. “ஏதோ எர்ரர் வந்துச்சு, மூடிட்டேன்” என்று சொல்பவர்களால் சப்போர்ட்டில் எத்தனை பேருக்குத் தலைவலி வந்திருக்கும் தெரியுமா? எர்ரர் வந்தால் மூடாதே, முதலில் படமெடு. கடைசியாக, வின்வெர் தட்டிய அதே பெட்டியில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் திரையில் எல்லாவற்றையும் ஃபைலாகச் சேமிக்கச் சொல்லும் பட்டனை அழுத்து. உன் கணினியின் ஜாதகம் ஒரே ஃபைலில் கிடைத்துவிடும்.

சத்தத்தையும் சாட்சியாக எடுத்து வை. பதினைந்து இருபது நொடி போதும், வேவ் ஃபைலாக. வாட்ஸப் வாய்ஸ் நோட்டாக அனுப்பாதே. அது ஒலியைச் சுருக்கி அனுப்புவது. இரைச்சலின் குணமே மாறிப்போகும். “7-ஆவது நொடியிலும் 12-ஆவது நொடியிலும் வெட்டு இருக்கிறது” என்று கூடவே எழுதிவிடு, கேட்பவர் தேட வேண்டாம். மேஜைமேல் எல்லா இணைப்பும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடு. ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று நீ சொல்வதும் நிஜத்தில் இருப்பதும் வேறாக இருப்பதுண்டு, போட்டோவில் தெரிந்துவிடும்.

இப்போது கடிதம் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று பயப்படாதே. இலக்கணத்துக்கு அங்கே மார்க் போடுவதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு வரிக்கு ஒரு விஷயமாக எழுது. அமைப்பு இப்படி இருக்கட்டும்:

“தலைப்பு: ரெக்கார்டிங்கில் மட்டும் வெட்டுச் சத்தம், டைரக்ட் மானிட்டரில் இல்லை.
கருவி, சீரியல் நம்பர், வாங்கிய தேதி: …
கணினி, வின்டோஸ் பதிப்பு, டிரைவர் பதிப்பு, மென்பொருள் பதிப்பு: …
சாம்பிள் ரேட் 48,000, பஃபர் 256.
செய்வது: புதிய புராஜெக்ட் திறந்து, ஒரே டிராக்கில், மைக்கில் பேசிப் பதிவு செய்கிறேன்.
எதிர்பார்ப்பது: சுத்தமான பதிவு.
நடப்பது: ஒழுங்கற்ற இடைவெளியில் டப் என்ற வெட்டு. வேவ் ஃபைல் இணைத்திருக்கிறேன்.
எப்போதிருந்து: சென்ற மாதம்வரை நன்றாக இருந்தது. வின்டோஸ் அப்டேட்டுக்குப் பின் தொடங்கியது.
செய்து பார்த்தவை: பஃபர் 512, வெட்டு குறைந்தது, நிற்கவில்லை. வேறு யுஎஸ்பி ஒயர், மாற்றமில்லை. வேறு கணினி, வெட்டு இல்லை.”

இதில் ‘எப்போதிருந்து’ என்ற வரியை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. அப்டேட்டா, புது ஒயரா, மேஜையை இடம் மாற்றினாயா என்று யோசித்து எழுது. வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் அதையும் சொல். கடிதத்துக்கு ஒரு கோளாறு போதும். இரைச்சலோடு சேர்த்து, “அப்புறம் வலது ஸ்பீக்கரும் வேலை செய்யல” என்று வால் ஒட்டாதே. அவர்கள் தரும் டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதில்களை அதே டிக்கெட்டிலேயே எழுது. பதில் வரவில்லையென்று புதிதாக இன்னொன்று போட்டால் நீ வரிசையில் கடைசிக்குப் போவாய்.

போனில் பேசுவதாக இருந்தால் கணினி முன்னால் உட்கார்ந்து, கருவியை மாட்டி, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினால் அவர் சொல்வதைச் செய்து பார்க்க முடியாது, இன்னொரு தடவை அழைக்க வேண்டிவரும். “ரீஸ்டார்ட் பண்ணீங்களா?” என்று கேட்பார். கோபப்படாதே. அவர் முன்னால் ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிகளைத் தாண்டினால்தான் விஷயத்தை மேலே இருக்கும் என்ஜினியருக்கு அனுப்ப அவருக்கு அனுமதி. “பண்ணிட்டேன் சார், அதுக்கப்புறமும் வருது” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டால் ஒவ்வொரு படியும் நிமிஷத்தில் கடந்துவிடும். செய்யாததைச் செய்ததாகச் சொல்லாதே; நீ சொல்லும் பொய்யை நம்பி அவர் தவறான பாதையில் உன்னையே கூட்டிப்போவார். கத்துகிறவரிடம் நாங்கள் படிவத்தை மட்டும் படித்தோம். தாளோடு வந்து நிதானமாகப் பேசியவருக்காகப் படிவத்துக்கு வெளியேயும் போய்ப் பார்த்தோம். எங்கும் அப்படித்தான்.

பணம் சம்பந்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய பில் எங்கே? தேதியும் கடைப் பெயரும் சீரியல் நம்பரும் உள்ள பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது. வெயில் பட்டால் பில் எழுத்து வெளுத்துப்போகும், இன்றே ஸ்கேன் பண்ணு. இங்கே அதிகாரபூர்வமாக விற்காத வழியில் வந்த பெட்டியாக இருந்தால் வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள். பதில் வரும்வரை ஸ்குரூவைக் கழற்றாதே. டிரைவரை மாற்றச் சொன்னால், அதற்கு முன் உன் பாட்டுகளையெல்லாம் தனி டிஸ்கில் நகலெடு.

சப்போர்ட் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதே. கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி நம்பர்களைப் பரப்பிவைத்துக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. பெட்டியிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருப்பதை மட்டும் நம்பு. உண்மையான சப்போர்ட்டிலும் சில நேரம் உன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க எனிடெஸ்க் போன்ற மென்பொருளைப் போடச் சொல்வார்கள். நீயாகப் போட்ட டிக்கெட்டுக்கு வந்த அழைப்பென்றால் மட்டும் சம்மதி. பேங்க் பக்கங்களை மூடிவிட்டு உட்கார். ஓடிபி கேட்டாலோ, பத்து ரூபாய் அனுப்பச் சொன்னாலோ போனை வை. பணம் போய்விட்டால் சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணுக்கு உடனே அழை. வாரண்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அங்கேயும் உன் கைவசம் இருக்க வேண்டியது இதே பில்லும், இதே டிக்கெட் எண்ணும், தேதி போட்டு நீ எழுதிய இதே தாளும்தான்.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள்ளேயே கோளாறு பிடிபட்டு, போன் போட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். அப்படி எத்தனையோ பேர், “பரவால்ல மேடம், நானே கண்டுபிடிச்சிட்டேன்” என்று பாதியில் போனை வைத்திருக்கிறார்கள். பிடிபடாவிட்டாலும் நஷ்டமில்லை. இன்று சனிக்கிழமை, நாளைக்கு உனக்கு வேலை இல்லை. டைரக்ட் மானிட்டர் சோதனையில் தொடங்கு, தாளை நிரப்பு, திங்கட்கிழமை காலையில் டிக்கெட் போடு. போடும் முன் எனக்கு ஒருமுறை அனுப்பு, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை